நிறுத்தச் சொல்லும் உரிமை

(பணியிடப் பாதுகாப்பும் தொழிலாளர் உடல்நலமும் குறித்து ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலையில் உழைத்த ஒரு பெரியவரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு இது. இவ்வாண்டு எனக்குக் கொடுத்திருக்கும் பொருள் மிக விரிவானது. கட்டட உறுதி, தீத்தடுப்பு, இயந்திரக் காப்பு, காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, வேலை நேரம், பெண்களின் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு தனி உரைக்குப் போதும். நான் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. இத்தனைக்கும் அடியில் இருக்கும் ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். ஆபத்தை முதலில் பார்ப்பவர் அந்த இடத்தில் வேலை செய்பவர்தான். அவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால் வேலை நிற்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவருடைய கூலியிலோ வேலையிலோ கை வைக்கக் கூடாது. இந்த உரிமை இல்லாத இடத்தில் தலைக்கவசமும் அறிவிப்புப் பலகையும் தணிக்கைச் சான்றிதழும் எவ்வளவு இருந்தாலும் அந்த இடம் பாதுகாப்பானது ஆகாது.

1. சாவர்: விரிசலைப் பார்த்தவர்கள்

வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளும் இயங்கின. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமென்று எழுப்பிய கட்டடத்தில், உரிய அனுமதியில்லாமல் மேலும் மாடிகளைக் கட்டித் தையல் இயந்திரங்களை ஏற்றினார்கள். போதாததற்கு, மின்சாரம் நின்றால் ஓடுவதற்காகக் கனமான ஜெனரேட்டர்களையும் மேலேயே வைத்திருந்தார்கள்.

2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் விரிசல் கண்டது. தொழிலாளர்கள் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். வரவழைக்கப்பட்ட பொறியாளரும் கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்றே சொன்னார். வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. கடைகள் மூடப்பட்டன. மறுநாள் காலை அந்தக் கட்டடத்துக்குள் போகும்படி கட்டளையிடப்பட்டவர்கள் ஆடைத் தொழிலாளர்கள் மட்டுமே. உள்ளே வராவிட்டால் மாதச் சம்பளம் போய்விடும் என்று மிரட்டப்பட்டதைப் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் நின்றது, ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, கட்டடம் சரிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஏறத்தாழ 2,500 பேர் காயங்களோடு மீட்கப்பட்டனர். கை கால்களை இழந்தவர்கள் அவர்களில் பலர்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இது யாருக்கும் தெரியாமல் வந்த விபத்து அன்று. விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வங்கி ஊழியருக்குத் தெரிந்த அதே ஆபத்து தையல் தொழிலாளிக்கும் தெரிந்திருந்தது. வங்கி ஊழியருக்கு வெளியேற வழி இருந்தது, தையல் தொழிலாளிக்கு இல்லை. அந்தப் பெண்களிடம் அறியாமை இருந்ததாகவோ அசட்டை இருந்ததாகவோ யாரும் சொல்ல முடியாது. மறுத்துச் சொல்லும் வலிமை அவர்களிடம் விட்டுவைக்கப்படவில்லை.

அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2012 நவம்பர் 24 அன்று, டாக்காவை ஒட்டிய ஆசுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. அபாய மணி அடித்ததும் எழுந்தவர்களை, ஒன்றுமில்லை, உட்கார்ந்து தையுங்கள் என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 110க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மணி சரியாகவே வேலை செய்தது. அதைக் கேட்டு எழுந்து போகும் உரிமை தொழிலாளிக்கு இல்லாததால் அந்த மணியால் பயன் இல்லாமல் போனது.

2. கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட ஒப்பந்தம்

ரானா பிளாசாவில் இருந்த தொழிற்சாலைகளில் சில, சரிவுக்கு முன்பே வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுக்காகத் தணிக்கை செய்யப்பட்டவை. அந்தத் தணிக்கைகள் கட்டடத்தைப் பார்க்கவில்லை. அறிக்கைகள் கொள்முதலாளரின் மேசைக்குப் போயினவே தவிர, உள்ளே உட்கார்ந்திருந்தவர் கைக்கு வரவில்லை.

2013 மே மாதம் கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் இந்த முறையை மாற்றியது. ஒரு பக்கம் 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் சேர்ந்தன, மறுபக்கம் தொழிற்சங்கங்கள். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைச் சுதந்திரமான பொறியாளர்கள் ஆய்வு செய்தார்கள். அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பூட்டிய வாசல்கள் எடுக்கப்பட்டு, தீக்கதவுகள் போடப்பட்டன. தாங்காத தளங்களில் சுமை குறைக்கப்பட்டது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் தரப்பட்டது. நிறுவனத்தைத் தாண்டி நேரடியாகப் புகார் சொல்லவும் வழி செய்யப்பட்டது.

இன்னொரு சிறப்பும் அதில் உண்டு. பழுது பார்க்கும் செலவைத் தாங்கும்படியான வணிக நிபந்தனைகளைக் கொள்முதலாளரும் ஏற்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஆடையின் விலையை அடிமட்டத்துக்கு அழுத்திவிட்டு, பாதுகாப்பு முழுவதும் உள்ளூர் முதலாளியின் தலையில் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள். திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதி செய்பவர்கள் இந்த விதியை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

3. நம் சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காப்பு வேலி, காற்றோட்டம், வெளிச்சம், ஓய்வறை என்று விரிவாகவே பேசியது. ஆனால் தொழிலாளியின் குரலுக்கு அதில் தெளிவான இடம் கிடைக்க, 1984 டிசம்பரில் போபால் நகரம் நச்சுவாயுக் கசிவில் அத்தனை உயிர்களைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின் 1987இல் வந்த திருத்தம், அபாயகரமான செயல்முறைகள் நடக்கும் ஆலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம எண்ணிக்கையில் இடம் தரும் பாதுகாப்புக் குழுவை அமைக்கச் சொன்னது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சினால், அதை நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கத் தொழிலாளருக்கு உரிமை உண்டு என்றது. 2020இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் அந்த உரிமை இடம் பெற்றிருக்கிறது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழலை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கும் கொத்தடிமை ஒழிப்புக்கும் தரும் அதே மதிப்பை இனி இதற்கும் தர வேண்டும்.

ஆபத்தைத் தெரிவிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அது பணியிடத்துக்குள் வந்து சேராமல் எது தடுக்கிறது என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

4. கூலிமுறையே பூட்டாகும்போது

பின்னலாடை நிறுவனங்களின் கட்டிங் பிரிவுக்குப் போனால், அடுக்கிய துணியை அறுக்கும் கத்தி இயந்திரத்தின் அருகே ஆணியில் ஓர் எஃகு வலைக் கையுறை தொங்குவதைப் பார்க்கலாம். பல இடங்களில் அது புதுக் கருக்கு மாறாமல் பளபளவென்று இருக்கும். ஆடிட் வரும் நாளில் மட்டும் கைக்கு வரும். அப்படி ஒரு யூனிட்டில் கட்டிங் மாஸ்டரிடம் ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "சார், எல்லாருக்கும் ஒரே சைஸ் வாங்கிட்டாங்க. என் கைக்கு ரெண்டு விரல் பெருசு. துணி பிடிமானம் இல்லாம நழுவுது. டஜன் கணக்குல கூலி, நழுவுனா எனக்குத்தான நஷ்டம்?" என்றார். இதை முதலாளியிடம் சொன்னீர்களா என்றேன். "கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றார்.

அவர் தந்த விடையில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. கையுறையை வாங்கியவர் அதை அணிபவரிடம் கேட்கவில்லை. கூலிமுறையோ, அதை அணிந்தால் வருமானத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல், "தொழிலாளிக்கு விழிப்புணர்வு போதாது" என்று சொல்லி ஒரு வகுப்பு எடுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

பட்டாசுத் தொழிலுக்கு வாருங்கள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், கலந்த மருந்தை மீதம் வைக்கக் கூடாது, மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது என்பவை சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்திகள் அல்ல. அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும் என்பதும், உராய்வு ஒன்றே தீக்குப் போதும் என்பதும் மருந்து செலுத்தும் பெண்களுக்கு மனப்பாடம். ஆனாலும் தீபாவளி நெருங்க நெருங்க அறைகளில் ஆட்கள் கூடுகிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகள் உள்குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை ஒரு பருவத்துக்குள் எடுக்கப் பார்ப்பார். வேலை செய்பவருக்கோ எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை செய்தாரோ அத்தனைக்குத்தான் காசு. மருந்து சூடேறுவதாகத் தோன்றி ஒருவர் வேலையை நிறுத்தினால், அந்த நேரத்துக்கு அவருக்கு யார் கூலி தருவார்கள்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி வட்டாரத்து முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அதற்குப் பின்னும் குழுக்கள் வந்தன, விதிகள் கடுமையாயின, உரிமங்கள் ரத்தாயின, விபத்துகள் நிற்கவில்லை. ஆய்வாளர் ஆண்டில் சில மணி நேரம் வருகிறார். தொழிலாளி தினமும் அங்கே இருக்கிறார். தினமும் இருப்பவரின் வாயைக் கூலிமுறை கட்டிப்போட்டிருக்கும்வரை, எப்போதாவது வருபவரால் அவரைக் காப்பாற்றிவிட முடியாது.

5. மெதுவாகக் கொல்லும் ஆபத்து

விபத்து செய்தியாகிறது. நோய் செய்தியாவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, வேலை காரணமாக உலகில் ஆண்டுக்கு 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 26 லட்சம் பேர் விபத்தால் இறப்பவர்கள் அல்லர். வேலை தந்த நோயால் இறப்பவர்கள்.

நூற்பாலையில் பஞ்சுத் தூசு நுரையீரலில் படிந்து வரும் பிஸ்ஸினோசிஸ் நோய் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான அடையாளம் காட்டும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாட்களில் குறையும். பல ஆண்டுகள் போனால் எல்லா நாளும் இறுகும், பின்பு தீராது. அந்த முதல் நாள் இறுக்கத்தை உணர்பவர் தொழிலாளி மட்டும்தான்.  அவர் சொன்னால், கேட்டு எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தால், இடம் மாற்றினால், தூசை உறிஞ்சும் ஏற்பாட்டைச் சீர்செய்தால் அவர் நுரையீரல் தப்பும். "சளிதான், ரெண்டு நாள்ல போயிடும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் தப்பாது. தொழில்சார் நோயைக் கண்டறியும் மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் மருத்துவர்கள் நோயாளியிடம் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும் வழக்கத்தை மருத்துவக் கல்லூரியிலேயே கற்க வேண்டும்.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களின் கதையும் இதே வகைதான். கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்புவலி என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னதை யாரும் பணியிடப் பாதுகாப்புப் பிரச்சினை என்று எண்ணவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்ததைப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று வளர்த்த 'பெண்கூட்டு' அமைப்பு, உட்காரும் உரிமையைக் கோரிக்கையாக்கியது. 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. நிபுணர் குழு எதுவும் கண்டுபிடித்துத் தந்த சீர்திருத்தமல்ல அது. வலித்தவர்கள் சேர்ந்து சொன்னார்கள், சட்டமன்றம் கேட்டது. இன்றும் பல கடைகளில் நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் மேனேஜரின் பார்வை சரியில்லை. நாற்காலி போட்டதோடு கடமை முடியவில்லை. உட்காருவதற்கு அச்சமில்லாத சூழலும் வேண்டும்.

6. திண்டுக்கல் காட்டிய வழி

பெண் தொழிலாளருக்கு இயந்திரத்தால் வரும் ஆபத்து ஒன்று. மேற்பார்வையாளரால் வரும் ஆபத்து இன்னொன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். சக பெண்கள் அங்கே நிலவிய தொல்லைகளை வெளியே சொன்னார்கள். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தப் பிரச்சினையை எடுத்து நின்றது. 2022இல் அந்த ஆலையின் நிர்வாகத்துடனும் உலகளாவிய ஆடை நிறுவனங்களுடனும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஏற்பட்டது.

அந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி, உற்பத்தித் தளத்திலேயே வேலை பார்க்கும் பெண்களிலிருந்து கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்தியதுதான். தையல் லைனில் பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாம். அவர் குறித்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசுவார். பழிவாங்கல் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. நிறுவனம் தவறினால் கொள்முதலில் விளைவு உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பல இடங்களில் அது சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலாகவே நிற்கிறது. டார்கெட் முடியாத நாளில் கெட்ட வார்த்தையில் திட்டும் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல, புதிதாகச் சேர்ந்த உதவியாளப் பெண் மாடி ஏறி அலுவலகத்துக்குப் போவாரா? மாட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் சொல்வார். வசவைச் சொல்லப் பழகியவர், நாளை பூட்டிய வாசலைப் பற்றியும் புகையும் மின்கம்பியைப் பற்றியும் சொல்வார்.

7. முதலாளிமார் கேட்கும் கேள்வி

"ஆளாளுக்கு நிறுத்தினால் ஆர்டர் எப்படி முடியும்? இதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டார்களா?" என்று தொழில் நடத்துவோர் கேட்கிறார்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவும் தள்ளுபடியும் அவர்கள் தலையில் விழுகின்றன. அவர்களுடைய கவலையை நான் ஒதுக்கவில்லை.

அவர்களுக்கு ஜவுளித் தொழிலிலிருந்தே விடை சொல்கிறேன். ஜப்பானின் சாகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கினார். 1924இல் முழுமை பெற்ற அவருடைய தானியங்கித் தறி புகழ்பெற்றது. பழுதான துணியை மேலும் மேலும் நெய்வதைவிட, நின்று சரிசெய்துகொண்டு நெய்வது மலிவு. அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் ஆலையில் அதே கொள்கை மனிதருக்கு வந்தது. கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடிவருவார். சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இந்த வழக்கத்தால் அந்த நிறுவனம் நொடித்துப் போகவில்லை. உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நம் ஆலைகளில் ஓடும் நவீன இயந்திரங்கள் நூல் அறுந்தால் நிற்கின்றன. நூலுக்குத் தரும் அந்த மரியாதையை அதன் அருகில் நிற்கும் பெண்ணின் விரலுக்கும் நுரையீரலுக்கும் தர நாம் ஏன் தயங்க வேண்டும்?

தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்துக்கு வருகிறேன். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் காரணமில்லாமல் வேலையை நிறுத்துவது அரிது. ஆபத்து இருந்தும் நிறுத்தாமல் போவதுதான் நாம் அன்றாடம் காண்பது.

8. செய்ய வேண்டியவை

இந்த அவையில் தொழில் நடத்துவோர், சங்கத்தார், நாளை மனிதவள அதிகாரிகளாகப் போகும் மாணவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பாதுகாப்புக் காரணமாக வேலை நின்ற நேரத்துக்கு முழுக் கூலி. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அவருடைய சராசரி வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயன் குறைவு.

இரண்டாவது, பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். நிர்வாகம் கைகாட்டும் ஆள் வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர், பெண்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருப்பவர்கள் அதில் இருக்கட்டும். தீ எச்சரிக்கை தமிழில் மட்டும் இருந்தால், தமிழ் படிக்கத் தெரியாதவர் எந்தப் பக்கம் ஓடுவார்?

மூன்றாவது, தப்பிப் பிழைத்த நிகழ்வுகளுக்கு ஒரு பதிவேடு. விரல் போகாமல் கீறலோடு தப்பியது, கம்பியில் பொறி வந்து அணைந்தது, ஏணி சறுக்கியும் விழாமல் நின்றது எல்லாம் அதில் ஏறட்டும். யார் சொன்னார், என்ன செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது என்பதைச் சாப்பாட்டு அறைச் சுவரில் எல்லோரும் பார்க்க எழுதி வையுங்கள். சொன்னது நடந்ததைப் பார்ப்பவர் மறுபடியும் சொல்வார்.

நான்காவது, விலை. கொள்முதல் விலையில் பாதுகாப்புச் செலவைத் தனியே காட்டிக் கேட்கும் துணிவு நம் ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு வர வேண்டும். சாவரின் இழப்புக்குப் பின்தான், பழுது பார்க்கும் செலவைத் தாங்கும் வணிக நிபந்தனைகள் வங்கதேச ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. நாம் ஓர் இழப்புக்குக் காத்திராமல் இப்போதே கேட்கலாம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் வேலைக்குச் சேரும் முதல் மாதத்தில் ஏதோ ஒரு தொழிலாளி உங்களிடம் வந்து, "சார், அந்த மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றோ, "மேடம், பின்வாசலை அட்டைப்பெட்டி அடைச்சிருக்கு" என்றோ சொல்வார். அன்றைக்கு உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவரோடு எழுந்து போய்ப் பாருங்கள். தேவையானால் நிறுத்துங்கள். நிறுத்தியதற்கு மேலிடத்தில் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அதை அவர் தலையில் வைக்காதீர்கள். படிப்பும் பதவியும் உங்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பை அவருக்கும் பகிர்ந்து கொடுப்பதே நீங்கள் கற்ற நிர்வாகவியலின் முதல் பயன்.